சீட்டுகளை ஆவணத்தில் அச்சுக்கோப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டாட்ட விதிகளை எழுதுகிறவர்கள், நிகழ்தகவுப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்கள், சீட்டு வித்தைகளை விளக்குகிறவர்கள், புதிதாக ஒரு விளையாட்டை உருவாக்கி அச்சடிக்க நினைக்கிறவர்கள் ஆகிய எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விகள் இவை. லாடெக், டைப்ஸ்ட் (இரண்டும் கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்கள்), இணையப் பக்கம், சாதாரண வேர்ட் கோப்பு என்று எதில் வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான். அதனால் கருவியை விட வேலைமுறையைப் பற்றியே இங்கே அதிகம் இருக்கும்.

சீட்டை ஆவணத்தில் காட்ட எத்தனை வழிகள் இருக்கின்றன?

மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்துக்குள்ளேயே ♠7 என்று எழுதுவது ஒன்று. வரியின் உயரத்தை விடச் சற்றே பெரிய, மூலைக்குறி (சீட்டின் மூலையில் உள்ள எண்ணும் சின்னமும்) மட்டும் உள்ள குட்டிச் சீட்டு இரண்டாவது. ராஜா, ராணி படங்களோடு முழுச் சீட்டையும் வரைவது மூன்றாவது.

பலரும் நேராக மூன்றாவதுக்குப் போய்விடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக. ஆனால் விதிகளை விளக்கும் ஒரு பக்கத்தில் இருபது முழுச் சீட்டுகளை அடுக்கினால் வாசகரின் கண் படங்களில் தாவுமே தவிர வாக்கியத்தைத் தொடராது. ஓடும் உரைக்கு முதல் வகை, உதாரணக் கைகளுக்கு இரண்டாவது, அச்சடித்து வெட்டி விளையாடுவதற்கு மூன்றாவது. இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

♠ ♥ ♦ ♣ குறிகளைத் தட்டச்சு செய்தால் போதாதா?

பல இடங்களில் போதும். ♠ ஸ்பேட், ♥ ஆர்ட்டின், ♦ டைமன், ♣ கிளாவர் என்ற நான்கு ரகங்களின் குறிகளும் யூனிகோடில் (எல்லா எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரத்தில்) ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கின்றன. எச்டிஎம்எல்லில் ஸ்பேடுக்கு &#9824; கிளாவருக்கு &#9827; ஆர்ட்டினுக்கு &#9829; டைமனுக்கு &#9830; என்று எழுதினால் வந்துவிடும். உள்ளே வெள்ளையாக, கோட்டுருவமாக உள்ள ♡ வேண்டுமானால் 9825, ♢ வேண்டுமானால் 9826.

சிக்கல் எழுத்துருவில் வரும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இந்தக் குறிகள் கிடையாது. அப்போது கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து குறியைக் கடன் வாங்கும். அது சில சமயம் பெரிதாக இருக்கும், சில சமயம் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். உங்கள் கணினியில் சரியாக இருப்பது இன்னொருவர் கணினியில் வேறு மாதிரி தெரியும். ரகக் குறிகளுக்கு எந்த எழுத்துரு, எந்த அளவு, எவ்வளவு மேலே தூக்க வேண்டும் என்பதை நீங்களே ஓரிடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

லாடெக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம். கணிதப் பயன்முறையில் கிடைக்கும் நான்கு குறிகளில், வழக்கமான எழுத்துருவில் ஸ்பேடும் கிளாவரும் நிரப்பப்பட்டவை, ஆர்ட்டினும் டைமனும் வெறும் கோட்டுருவங்கள். பிழை போலத் தெரிந்தாலும் வேண்டுமென்றே செய்ததுதான். கறுப்பு மையில் மட்டும் அச்சிடும்போது சிவப்பு ரகங்களைப் பிரித்துக் காட்ட அது நல்ல உத்தி. நான்கும் நிரப்பியே வேண்டுமென்றால் பைஃபாண்ட் தொகுப்பில் (தொகுப்பு என்பது லாடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) 168 முதல் 171 வரையுள்ள குறிகளை எடுத்துக்கொள்ளலாம். அவை கிளாவர், டைமன், ஆர்ட்டின், ஸ்பேட் என்ற வரிசையில் இருக்கும்.

நான் போட்ட ♥ கைப்பேசியில் இமோஜியாக மாறிவிடுகிறது. ஏன்?

நிரப்பிய நான்கு குறிகளுக்கும் இரண்டு தோற்றங்கள் உண்டு: எழுத்துத் தோற்றம், இமோஜித் தோற்றம். எதைக் காட்டுவது என்பதைக் கருவி முடிவு செய்கிறது. குறிக்கு அடுத்து &#65038; என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்த்தால் ‘எழுத்தாகவே காட்டு’ என்று பொருள். பெரும்பாலான உலாவிகள் கேட்டுக்கொள்ளும். கேட்காத இடத்தில் குறியை எழுத்தாகப் போடாமல் சிறிய எஸ்விஜி படமாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படமாக) வைப்பதுதான் வழி. கோட்டுருவக் குறிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு இமோஜித் தோற்றமே கிடையாது.

யூனிகோடில் முழுச் சீட்டுகளும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. 2010இல் வந்த யூனிகோட் 6.0இல் 52 சீட்டுகளும், பின்பக்கமும், ஜோக்கர்களும் சேர்க்கப்பட்டன. பின்பக்கத்தின் எண் 127136, ஸ்பேட் ஏஸ் 127137. ரகத்துக்கு ரகம் 16 கூடும்: ஆர்ட்டின் ஏஸ் 127153, டைமன் ஏஸ் 127169, கிளாவர் ஏஸ் 127185.

நிரல் எழுதி இவற்றைக் கணக்கிடுகிறவர்கள் ஓர் இடத்தில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு ரகத்திலும் 13 அல்ல, 14 சீட்டுகள் இருக்கின்றன. ஜாக்கிக்கும் ராணிக்கும் நடுவே டாரட் என்ற வேறு வகைச் சீட்டுக்கட்டுகளில் வரும் குதிரைவீரன் உட்கார்ந்திருக்கிறார். எனவே ஜாக்கி 11, ராணி 13, ராஜா 14. இதைக் கவனிக்காவிட்டால் ராணி வரவேண்டிய இடத்தில் குதிரைவீரன் வந்து நிற்பார், ராஜா இருக்க வேண்டிய இடத்தில் ராணி இருப்பார்.

டெஜாவு சான்ஸ், நோட்டோ சான்ஸ் சிம்பல்ஸ் 2 போன்ற எழுத்துருக்களில் இவை கிடைக்கும். ஆனாலும் ஓடும் உரைக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே எழுத்தின் அளவுக்குள் முழுச் சீட்டையும் அடைத்திருப்பதால் 10 புள்ளி அளவில் ஸ்பேட் 8க்கும் கிளாவர் 9க்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று மடங்கு பெரிதாக்கினால் படிக்கலாம், ஆனால் வரி இடைவெளி கெட்டுவிடும். அதோடு இந்தத் தோற்றத்தை நீங்கள் மாற்றவும் முடியாது. எழுத்துருவை வரைந்தவர் கொடுத்ததுதான்.

பாணியைத் தனியாகப் பிரிக்கச் சொல்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சீட்டுக்கு இரண்டு தகவல்கள்தான் உண்டு: ரகம், மதிப்பு. மற்றதெல்லாம், அதாவது நிறம், எழுத்துரு, ஓரக்கோடு, மூலை வளைவு, படம், அளவு எல்லாமே தோற்றம். ஆவணத்துக்குள் எழுதும்போது ரகத்தையும் மதிப்பையும் மட்டும் சொல்லுங்கள். தோற்றத்தை வேறோர் இடத்தில், ஒரே ஒரு முறை வரையறுங்கள்.

டைப்ஸ்டில் கட்டளைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியும். ‘சீட்டு’ என்று ஒரு கட்டளையை வரையறுத்துவிட்டால் உரைக்குள் இப்படி எழுதலாம்:

#சீட்டு("ஸ்பேட்", "7")

அந்த இடத்தில் ♠7 என்று வருமா, குட்டிச் சீட்டாக வருமா, முழுச் சீட்டாக வருமா என்பது வரையறையில் இருக்கும். இன்று இரண்டு நிறக் கட்டு, நாளை நான்கு நிறக் கட்டு என்று மாற்ற நினைத்தால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இப்படிச் செய்யாமல் ஒவ்வோர் இடத்திலும் கையால் சிவப்பு நிறம் கொடுத்து, அளவை மாற்றி, பெட்டி போட்டு வைத்தால் 80 பக்கப் புத்தகத்தில் எங்காவது ஓர் ஆர்ட்டின் கறுப்பாகவே தங்கிவிடும்.

இணையப் பக்கத்தில் இதே வேலையை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) மாறிகள் செய்யும். சீட்டின் அகலம், சிவப்பு, கறுப்பு, மூலை வளைவு ஆகியவற்றை நான்கு மாறிகளாக வைத்துவிட்டு, அளவுகளையெல்லாம் ‘எம்’ அலகில் கொடுங்கள். எழுத்தின் அளவு மாறினால் சீட்டும் கூடவே பெரிதாகும், சிறிதாகும். வேர்டில் வேலை செய்கிறவர்கள் குறைந்தபட்சம் ‘சிவப்புச் சீட்டு’, ‘கறுப்புச் சீட்டு’ என்று இரண்டு எழுத்துப் பாணிகளை உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு ஒரே இடத்தில் மாற்ற அதுவே உதவும்.

ரகத்தையும் மதிப்பையும் சேர்த்து ஒரே குறியீடாக எழுதலாமா?

லத்தீன் எழுத்துகளில் எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், இரண்டே எழுத்தில் ஒரு சீட்டு முடிந்துவிடும். தமிழில் செய்வதானால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ‘ஸ்’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு: ஸ, அப்புறம் புள்ளி. நிரல் முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால் புள்ளி பின்னால் தொங்கும். "ஸ்-7" என்று நடுவே ஒரு கோடு வைத்து அந்த இடத்தில் பிரியுங்கள், அல்லது மேலே காட்டியது போல இரண்டு மதிப்புகளாகவே கொடுங்கள்.

10 தனி வில்லன். மற்ற எல்லா மதிப்பும் ஓர் இலக்கம், இது மட்டும் இரண்டு. ‘கடைசி எழுத்துதான் மதிப்பு’ என்று நிரல் எழுதினால் 10 எல்லாம் 0 ஆகும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

ஏற்கெனவே எதில் எழுதுகிறீர்களோ அதிலேயே தொடங்குங்கள். சீட்டுக்காக மட்டும் புதிய கருவி கற்கத் தேவையில்லை.

டைப்ஸ்டில் எழுதுகிறவர்களுக்கு ‘டெக்ஸ்’ என்ற தொகுப்பு இருக்கிறது. வரிக்குள் வைக்கும் சிறிய வடிவத்திலிருந்து பெரிய சீட்டு வரை பல அளவுகளில் அதுவே வரைந்துவிடும், கையிலுள்ள சீட்டுகளை விசிறியாக விரித்தும் காட்டும். லாடெக்கில் பழைய தொகுப்பு ‘பிஎஸ்டி-போக்கர்’. அது பிஎஸ்ட்ரிக்ஸ் என்ற வரைகலைத் தொகுப்பின் மேல் நிற்பதால் பிடிஎஃப்லாடெக்கில் (நேராக பிடிஎஃப் உருவாக்கும் லாடெக்கில்) நேரடியாக ஓடாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக வரைய விரும்பினால் டிக்ஸ் என்ற வரைதல் தொகுப்பு போதும். வளைந்த மூலையுள்ள செவ்வகம், இரண்டு மூலைக்குறிகள், நடுவே சின்னங்கள், அவ்வளவுதான்.

சொந்த விளையாட்டுக்காக நூற்றுக்கணக்கான வெவ்வேறு சீட்டுகளைத் தயாரிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே ஒரு விரிதாளில் சீட்டுக்கு ஒரு வரி என்று எழுதி, அதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உருவாக்கும் கருவி வேண்டும். நான்டெக், ரூபி மொழியில் இயங்கும் ஸ்குவிப், இன்டிசைனின் தரவு இணைப்பு வசதி எல்லாம் இப்படிப்பட்டவை.

2 முதல் 10 வரை சின்னங்களை எந்த இடத்தில் வைப்பது? எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் சீட்டு மாதிரி தெரியவில்லை.

பார்வைக்குச் சமமாகப் பரப்பினால் தெரியாது. இதற்கென்று நிலைத்துவிட்ட ஓர் அமைப்பு இருக்கிறது, கண் அதற்குப் பழகியிருக்கிறது.

சின்னங்கள் நிற்கும் பகுதியை மூன்று நெடுவரிசைகளாக எண்ணிக்கொள்ளுங்கள்: இடம், நடு, வலம். உச்சியை 0 என்றும் அடியை 1 என்றும் வையுங்கள். 2க்கு நடு வரிசையில் 0, 1. 3க்கு அவற்றோடு 1/2. 4க்கு இரண்டு ஓர வரிசைகளிலும் 0, 1. 5க்கு அதோடு நடுவில் 1/2. 6க்கு ஓர வரிசைகளில் 0, 1/2, 1. 7க்கு அந்த ஆறோடு நடு வரிசையில் 1/4இல் ஒன்று. 8க்கு 3/4இல் இன்னொன்று. 9 வந்ததும் ஓர வரிசைகள் மாறுகின்றன: 0, 1/3, 2/3, 1 என்று நான்கு நான்கு, நடுவில் 1/2இல் ஒன்று. 10க்கு அதே எட்டு, நடுவில் 1/6, 5/6 ஆகிய இடங்களில் இரண்டு.

அப்புறம் ஒரே ஒரு விதி: 1/2க்குக் கீழே இருக்கும் சின்னம் எல்லாம் தலைகீழாக நிற்கும். சரியாக 1/2இல் இருப்பது நிமிர்ந்து நிற்கும்.

இந்த ஒரு விதியால் ஒரு வேடிக்கை நடக்கிறது. சீட்டைத் தலைகீழாகத் திருப்பினால் சில சீட்டுகள் அப்படியே இருக்கும், சில மாறிவிடும். ஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர் மூன்றிலும் ஏஸ், 3, 5, 6, 7, 8, 9 ஆகிய ஏழும் மாறும். டைமனில் சின்னத்துக்கே மேல் கீழ் கிடையாது என்பதால் 7 மட்டும் மாறும், ஏனென்றால் அதன் ஏழாவது சின்னம் மேல் பாதியில் இருக்கிறது. மொத்தம் 22 சீட்டுகள். நீங்கள் வரைந்த கட்டைச் சோதிக்க இது வசதியான வழி: ஒவ்வொரு சீட்டையும் 180 பாகை திருப்பி அசலோடு ஒப்பிடுங்கள். 22 வரவில்லை என்றால் எங்கோ ஒரு சின்னம் இடம் மாறியிருக்கிறது அல்லது தலைகீழாகத் திரும்ப மறந்திருக்கிறது. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றும் இருதலைப் படங்களாக இருக்கிற வழக்கமான கட்டுக்கே இந்தக் கணக்கு.

நெடுவரிசைகளின் இடம் உங்கள் விருப்பம். சீட்டின் அகலத்தில் 30, 50, 70 சதவீதத்தில் வைத்தால் மூலைக்குறியோடு மோதாது. ஏஸுக்குச் சின்னம் ஒன்றே என்பதால் இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக்கலாம். ஸ்பேட் ஏஸை மட்டும் இன்னும் அலங்காரமாக வரைவது பழைய வழக்கம், விட்டுவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ராஜா, ராணி, ஜாக்கி படங்களுக்கு எங்கே போவது?

வரையத் தெரியாது என்றால் வரைய வேண்டாம். பொது உரிமையில் விடப்பட்ட எஸ்விஜி கட்டுகள் விக்கிமீடியா காமன்ஸில் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் வேறு சில கட்டுகள் எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகின்றன. அவற்றையும் பயன்படுத்தலாம், ஆனால் உரிமத்தைப் படித்து அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு. தேடுபொறியில் முதலில் வரும் படத்தை எடுத்து ஒட்டுவது இரண்டிலும் சேராது. சீட்டின் மரபான வடிவம் எல்லோருக்கும் பொது, ஒரு நிறுவனம் தனக்கென்று வரைய வைத்த படங்கள் அப்படியல்ல.

படமே இல்லாமலும் சமாளிக்கலாம். நடுவில் ஒரு பெரிய எழுத்து, அதன் கீழே ரகச் சின்னம். பாடப்புத்தகத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். நிகழ்தகவுக் கணக்கில் ராணியின் உடையலங்காரம் மாணவருக்கு எதையும் சொல்லப் போவதில்லை.

இரண்டு நிறமா, நான்கு நிறமா?

திரையில் வேகமாகப் பார்க்க வேண்டிய இடத்தில் நான்கு நிறம் உதவும். போக்கரில் அதிகம் காணப்படுவது ஸ்பேட் கறுப்பு, ஆர்ட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. ஜெர்மனியில் ஸ்காட் என்ற சீட்டாட்டத்தின் போட்டிகளுக்கான கட்டில் கிளாவர் கறுப்பு, ஸ்பேட் பச்சை, டைமன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. ஆக நான்கு நிறம் என்றாலே ஒரே பொருள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வாசகர் எந்த விளையாட்டுக்காரர் என்று பாருங்கள்.

நிறத்தை மட்டுமே நம்புவது ஆபத்து. சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குச் சிவப்பே இருண்டு தெரியும், கறுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு மங்கிவிடும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் இதே கதிதான். கறுப்பு வெள்ளைக்கென்று தனியாக ஒரு பாணி வையுங்கள்: ஸ்பேடும் கிளாவரும் நிரப்பி, ஆர்ட்டினும் டைமனும் கோட்டுருவமாக. பாணியைப் பிரித்து வைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

மூலையில் தமிழ் எழுத்துகளை வைக்கலாமா?

தாராளமாக. ஃபிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யக் கட்டுகளிலெல்லாம் அந்தந்த மொழியின் எழுத்துகள்தான் இருக்கின்றன. தமிழில் இரண்டு இடைஞ்சல்கள். ராஜாவும் ராணியும் ‘ரா’வில் தொடங்குவதால் முதல் எழுத்தை மட்டும் போட முடியாது. ஏ, கே, க்யூ, ஜே என்று ஒலியை எழுதினால் ‘க்யூ’ மற்றவற்றை விட இரண்டு மடங்கு அகலம். மூலைக்குறிக்கு ஒரு நிலையான அகலமுள்ள பெட்டி வைத்து, அதற்குள் அடங்காத எழுத்தைச் சிறிதாக்கும்படி பாணியில் எழுதிவிடுங்கள். 10க்கும் அதே பெட்டி கைகொடுக்கும். ‘ராஜா’, ‘ராணி’ என்று முழுச் சொல்லையும் சீட்டின் ஓரத்தில் செங்குத்தாக ஓட விடுவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், விசிறியாகப் பிடிக்கும் விளையாட்டுக்கு மட்டும் ஆகாது.

‘♠7ஐ’ என்று எழுதினால் சரியாக வரவில்லை. வேற்றுமை உருபை எப்படிச் சேர்ப்பது?

உருபைத் தனி உயிரெழுத்தாக எழுத வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ‘ஐ’ போட்டால் சரி. உயிர்மெய்க்குறியைத் தட்டினால் அதற்கு ஏறி உட்கார மெய்யெழுத்து இல்லாததால் ஒரு புள்ளி வட்டம் தோன்றும். கட்டளை கொண்டு சீட்டைப் போடும்போது இன்னொன்றும் நடக்கும்: சீட்டு ஒரு பெட்டி, உருபு வெளியே. வரி முடிவில் இரண்டும் பிரிந்து, அடுத்த வரி ‘ஐ’யில் தொடங்கும். நடுவில் &#8288; என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பானை வைத்தால் பிரியாது.

இதையெல்லாம் விட எளிது, ‘♠7 சீட்டை இறக்கினார்’ என்று எழுதுவது. உருபு ‘சீட்டு’ என்ற சொல்லோடு இயல்பாகச் சேர்ந்துகொள்ளும், வாசிக்கவும் தடங்கல் இருக்காது. சீட்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே உடையாத இடைவெளி (வரி முடிவில் பிரியாத இடைவெளி) விடுங்கள்.

கையிலுள்ள சீட்டுகளை விசிறியாக விரித்துக் காட்டுவது எப்படி?

எல்லாச் சீட்டுகளையும் ஒரே புள்ளியைச் சுற்றித் திருப்ப வேண்டும். அந்தப் புள்ளி சீட்டின் நடுவில் இருந்தால் காற்றாடி மாதிரி வரும். சீட்டின் அடிக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு சீட்டின் உயரத்துக்குத் தள்ளி வைத்தால்தான் கையில் பிடித்த தோற்றம் வரும். சீட்டுக்குச் சீட்டு 5 பாகை என்றால் 13 சீட்டுகளுக்கு மொத்தம் 60 பாகை. நடுச் சீட்டு நேராக நிற்க, இடப்பக்கத்துக்கு 30, வலப்பக்கத்துக்கு 30.

இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போங்கள். பின்னால் வரைவது முன்னதை மூடும், ஆனால் ஒவ்வொன்றின் இட மேல் மூலையும் வெளியே தெரியும். மூலைக்குறி அங்கே இருப்பதே இதற்காகத்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்த மூலைக்குறி பரவலானது, அதற்கு முன்பு கையை முழுதாக விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வலமிருந்து இடமாக வரைந்தால் குறிகளெல்லாம் மூடிக்கொள்ளும். நான்கு மூலையிலும் குறி வைத்தால் எப்படி வரைந்தாலும் தெரியும், சின்னங்களுக்கான இடம்தான் குறையும்.

பிரிட்ஜ் ஆட்டத்தின் நான்கு கைகளையும் காட்ட வேண்டும். படமாகப் போடலாமா?

வேண்டாம். 52 சீட்டுகளைப் படமாகப் போட்டால் பக்கம் நிறைந்துவிடும், படிக்கவும் முடியாது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. ஒவ்வொரு கைக்கும் நான்கு வரிகள், ♠ ♥ ♦ ♣ என்ற வரிசையில், பெரிய மதிப்பிலிருந்து சிறியது வரை. ஒரு ரகமே இல்லையென்றால் அந்த வரியை வெறுமையாக விடாமல் ஒரு கோடு போடுங்கள், இல்லாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்கள். 3க்கு 3 கட்டங்கள் கொண்ட அட்டவணையே போதும். லாடெக்கில் ‘ஒன்டவுன்’ என்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது.

முடிந்தால் கட்டளைக்குள் ஒரு சோதனையைச் சேருங்கள்: ஒரு கைக்கு 13 சீட்டுகள் இருக்கின்றனவா, எந்தச் சீட்டாவது இரண்டு கைகளில் வருகிறதா? கண்ணால் சரிபார்த்த கைகளில் இந்தப் பிழை தப்பிவிடுவது சர்வசாதாரணம்.

அச்சடித்து வெட்டி விளையாட என்ன அளவு?

போக்கர் அளவு 2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம், அதாவது 63.5க்கு 88.9 மில்லிமீட்டர். பிரிட்ஜ் அளவு சற்றே ஒல்லி, 2.25 அங்குலத்துக்கு 3.5. படமாகத் தயாரிக்கிறீர்கள் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் போக்கர் சீட்டுக்கு 750க்கு 1050 புள்ளிகள் வரும். எஸ்விஜி அல்லது பிடிஎஃபாகவே அனுப்ப முடிந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

ஏ4 தாளில் நிமிர்த்தி அடுக்கினால் 3க்கு 3, ஒன்பது சீட்டுகள் அடங்கும். 52 சீட்டும் 2 ஜோக்கரும் சரியாக ஆறு தாள். ஆனால் ஓரம் வரை நிறம் போகும் சீட்டு என்றால் வெட்டும்போது கத்தி நகர்வதை ஈடுகட்டச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். அப்போது சீட்டின் அகலம் 69.5 ஆகும், மூன்று சேர்ந்தால் 208.5. தாளின் அகலமே 210 தான், வீட்டு அச்சுப்பொறி ஓரம் வரை அச்சிடாது. தாளைப் படுக்கப் போட்டு 4க்கு 2 என்று எட்டு வையுங்கள். அகலத்தில் 278, உயரத்தில் சுமார் 190, சுற்றிலும் தாராளமாக இடம் இருக்கும். ஏழு தாளில் முழுக் கட்டும் முடியும்.

எழுத்தையும் சின்னத்தையும் வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே 3 மில்லிமீட்டராவது தள்ளி வையுங்கள். உலாவியிலிருந்து நேராக அச்சிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னணி நிறங்களை உலாவி தானாகவே விட்டுவிடும். அச்சு அமைப்பில் பின்னணியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூலை வளைவைச் சதவீதத்தில் கொடுத்தால் கோணலாக வருகிறதே?

சிஎஸ்எஸ்ஸில் சதவீதம் என்றால் அகலத்துக்குத் தனியாக, உயரத்துக்குத் தனியாகக் கணக்கிடும். சீட்டு சதுரமில்லை என்பதால் வளைவு நீள்வட்டமாகிவிடும். ‘எம்’ அலகிலோ மில்லிமீட்டரிலோ கொடுங்கள். போக்கர் சீட்டுக்கு 3 மில்லிமீட்டரை ஒட்டி வைத்தால் இயல்பாக இருக்கும்.

இரண்டு பக்கமும் அச்சிட்டால் பின்பக்கம் இடம் மாறுகிறது.

தாளைப் புரட்டும்போது இடம் வலமாகும். எல்லாச் சீட்டுக்கும் ஒரே பின்பக்கம் என்றால் இது பொருட்டில்லை. கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று சீட்டுக்குச் சீட்டு வேறுபட்டால், பின்பக்கத் தாளில் ஒவ்வொரு கிடைவரிசையையும் கண்ணாடியில் பார்ப்பது போல வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். குறுகிய விளிம்பில் புரட்டுகிறதா, நீண்ட விளிம்பில் புரட்டுகிறதா என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால், முதலில் எண்கள் மட்டும் எழுதிய ஒரு தாளை அச்சிட்டுப் பாருங்கள்.

பின்பக்க வடிவத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். 180 பாகை திருப்பினாலும் அது ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைகீழாகத் திரும்பிய சீட்டு எது என்று கட்டில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கரை வைத்தால் அரை மில்லிமீட்டர் விலகி வெட்டினாலும் பளிச்சென்று தெரியும். கையால் வெட்டப் போகிறீர்கள் என்றால் ஓரம் வரை ஓடும் கோலமே பாதுகாப்பு.

திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கு இதெல்லாம் புரியுமா?

நீங்கள் வசதி செய்து கொடுத்தால் புரியும். படமாக வைத்த ஒவ்வொரு சீட்டுக்கும் ‘ஸ்பேட் ஏழு’ என்று மாற்று உரை கொடுங்கள். சீட்டுக் கட்டளை ஏற்கெனவே ரகத்தையும் மதிப்பையும் தெரிந்து வைத்திருப்பதால் அந்த உரையை அதுவே உருவாக்கிவிடும், ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. முழுச் சீட்டாக வரைந்திருந்தால் நடுவிலுள்ள ஏழு சின்னங்களையும் திரைவாசிப்பானிடமிருந்து மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘ஸ்பேட், ஸ்பேட், ஸ்பேட்’ என்று ஏழு முறை படிக்கும்.

ஜோக்கரை எந்த ரகத்தில் சேர்ப்பது?

எதிலும் வேண்டாம். ரகம் இல்லாத மதிப்பு ஒன்றைக் கட்டளை ஏற்றுக்கொள்ளும்படி தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு ஜோக்கர் இருந்தால் ஒன்றுக்கு நிறம் கொடுத்து, மற்றொன்றைக் கறுப்பாக விடுவது வழக்கம், சில விளையாட்டுகளில் அந்த வேறுபாடு தேவைப்படும்.